மகளுக்கு எழுந்த மாளிகையும் நம் பூட்டிய வீடுகளும்

காரைக்குடியை அடுத்த கானாடுகாத்தானில் ‘விசாலம்’ என்றொரு மாளிகை உள்ளது. 1930களில் ஒரு செட்டியார் தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு; இன்று தங்கும் விடுதி. நகரத்தாரிடையே பூர்வீக வீடு ஆண்மக்கள் வழியாகவே செல்லும். மகளுக்கென ஒரு மாளிகை எழுந்தது அங்கே அரிது. மகளுக்கு வீடு கொடுப்பதையே வழக்கமாகக் கொண்ட காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் இது வியப்பாக இராது. (அப்படிக் கொடுக்கும்போதும் பிள்ளைகளிடையே நீதம் தவறக்கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் அளித்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்ட செய்தியை நாம் அறிவோம்.)

செட்டிநாட்டு வீட்டின் தெருவாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை பார்வை நேராகச் செல்லும். முதலில் முகப்பும் திண்ணையும். வணிகம் பேச வந்தவரும் வழிப்போக்கரும் அங்கே அமர்ந்தனர். அதைக் கடந்தால் வளவு: நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதையொட்டி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. அறைகள் சிறியவை, வாழ்க்கை நடந்தது தாழ்வாரத்தில்தான். பெண்களின் புழக்கம் பின்கட்டில். அந்நியர் முகப்போடு நின்றுவிடும் இவ்வமைப்பு, நம் பழைய வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் புதியதன்று.

தூண்களுக்குப் பர்மாத் தேக்கு, தரைக்கு இத்தாலியப் பளிங்கு, சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்த பூச்சு. இன்று கைவைத்தாலும் அது வழவழவென்று குளிர்ந்திருக்கிறது. ஆத்தங்குடிப் பூக்கற்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிறார்கள். வறண்ட பூமி ஆதலால் கூரையில் விழும் மழையை முற்றத்தில் இறக்கிச் சேமித்தார்கள். நம்மை மிகவும் கவர்ந்தது அதுவே. ஒரு திருமணத்திற்கும் மறு திருமணத்திற்கும் இடையே பூட்டியே கிடக்கும் பெருங்கூடங்களை வீண்விரயம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த வட்டித் தொழிலும் நிலங்களும் கைவிட்டுப் போயின. வீடுகள் மட்டும் எஞ்சின. ஒவ்வொன்றுக்கும் பங்காளிகள் பலர்; எல்லோரும் இசையாமல் பழுது பார்க்கவும் இயலாது, விற்கவும் இயலாது. பல வீடுகள் இடிக்கப்பட்டு, தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன. விடுதியாக மாறியவை சில. வழிப்போக்கருக்கு இலவசமாயிருந்த திண்ணைக்கு இன்று கட்டணம் என்பதில் நமக்குச் சிறு வருத்தம் உண்டு. ஆயினும் அக்கட்டணத்தால்தான் ஓடு மாற்றப்படுகிறது.

நம் ஊர்களிலும் பூட்டிய வீடுகள் பெருகுகின்றன. மரித்தவரின் அடக்கச் செலவும் கடனும் மரண சாசனமும் போக, எஞ்சிய சொத்து வாரிசுகளுக்கு உரியதாகிவிடுகிறது. மூத்த மகனின் கையில் சாவி இருப்பதால் அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. “பிறகு பார்க்கலாம்” என்று தள்ளிப்போடும் காலத்தில் ஒரு வாரிசு இறப்பார். அவர் பங்கு மேலும் சிதறும். இறுதியில் பேரர்கள் இருபது பேர் கையொப்பமிட வேண்டிய நிலை வரும்.

அண்மையில் ஒரு குடும்பம் நம்மிடம் கணக்குக் கேட்டு வந்தது. இறந்தவருக்கு மனைவி, இரு மகன்கள், மூன்று மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய ஏழில் மகன்களுக்கு இரண்டிரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. வீடு எட்டுப் பங்காக மிச்சமின்றிப் பிரிந்தது. மகன்கள் இடித்து மனையாக விற்கலாம் என்றார்கள். இளைய மகள் தம் பங்கை விற்க மறுத்துவிட்டார். வீட்டைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டு, மாதந்தோறும் வரும் தொகையை அதே எட்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பது அவரது யோசனை. தாயார் அதை ஏற்றுக்கொண்டார். மூத்தவர் ரமளானில் துபாயிலிருந்து வந்த பிறகு பேசுவதென்று முடிவாகியுள்ளது. சாவி இப்போது தாயாரிடம் இருக்கிறது.