‘உம்ப’வும் ‘மாத்தயா’வும்

2007 ஜூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளில் இருந்த லொட்ஜுகளின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். தங்கியிருந்த தமிழர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: கொழும்பில் உனக்கு என்ன வேலை? தக்க காரணம் இல்லாதவர்கள் என்று முடிவுகட்டப்பட்டோர் அவசர அவசரமாகப் பொதிகளைக் கட்டிக்கொண்டு பஸ்களில் ஏறவேண்டியதாயிற்று. பெண்கள் 85 பேர் உட்பட 376 பேர் அவ்வாறு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர்.

அவர்கள் ஏன் லொட்ஜுகளில் இருந்தார்கள்? ஏ9 வீதி 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தவர் கப்பலிலோ விமானத்திலோதான் கொழும்புக்கு வரமுடிந்தது. கடவுச்சீட்டுக்காக, விசாவுக்காக, வைத்தியத்துக்காக வந்தவர்களுக்கு நாட்கள் வாரங்களாகி, வாரங்கள் மாதங்களாகின. காத்திருப்பதே காரணமாக இருந்தவர்களிடம் வேறு என்ன காரணத்தைக் கேட்பது?

மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின் பேரில், உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூன் 10 ஆம் திகதி பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். நாட்டில் விரும்பிய இடத்தில் நடமாடவும் வசிக்கவும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பிரஜைக்கு உரிமை தருகிறது. அது ஜூன் 7 ஆம் திகதியும் சட்டப் புத்தகத்தில் இருக்கத்தான் செய்தது.

குண்டு வெடித்துக்கொண்டிருந்த நகரில் சோதனையே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அந்தக் குண்டுகளுக்குப் பொலிஸாரும் பலியானார்கள். ஆனால், சோதிப்பது வேறு, சிறுமைப்படுத்துவது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலி வீதிச் சோதனைச் சாவடியொன்றில் நான் நேரில் கண்டிருக்கிறேன். ‘உம்ப’ என்று என்னை விளித்த ஓர் இளம் பொலிஸ்காரர், பத்திரிகையாளர் அட்டையை நீட்டியதும் ‘மாத்தயா’ என்றார். ஒரு நிமிடத்துக்குள் நான் ‘டேய்’யிலிருந்து ‘ஐயா’வாக உயர்ந்துவிட்டேன்! எனக்குப் பின்னால் நின்ற தோட்டத்துப் பையனிடம் அப்படி எந்த அட்டையும் இல்லை. அவனுக்குக் கடைசிவரை ‘உம்ப’தான்.

அந்தப் பொலிஸ்காரருக்கு மரியாதை தெரியாமலில்லை. யாருக்கு அதைக் கொடுக்காமல் விட்டாலும் கேட்பாரில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடி பிறகுதான் வரும். ‘இவனுக்காகப் பேச ஆளில்லை’ என்ற கணக்கு அதற்கு முன்னரே போட்டு முடிக்கப்பட்டிருக்கும்.

போர் முடிந்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. 2009 அக்டோபர் 29 ஆம் திகதி, வெள்ளவத்தைக்கு அடுத்த பம்பலப்பிட்டிக் கடலில், மனநிலை பாதிக்கப்பட்ட தமிழ் இளைஞர் ஒருவர் கைகூப்பி மன்றாடியபடியே தடியால் தாக்கப்பட்டு மூழ்கி இறந்தார். தாக்கியவர்களில் பொலிஸ்காரரும் இருந்தார். கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. தொலைக்காட்சிக் கமெரா பதிவுசெய்திராவிட்டால் அது கடலில் விழுந்த ஒருவரின் மரணமாகவே முடிந்திருக்கக்கூடும்.

இது தமிழனின் தலைவிதி மட்டுமல்ல. 2011 மே மாதத்தில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஒரு சிங்கள இளைஞர் உயிரிழந்தார். நாடே கொதித்தது. பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார்.

மனுவோ, கமெராவோ, மக்களின் கோபமோ, கேட்பதற்கு ஏதோ ஒன்று வந்தபோதுதான் அதிகாரம் சற்றேனும் தயங்கியது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை. எமது மக்களோ அந்த ஒரு மாதத்தை ‘ஏன் வீண் வம்பு’ என்று சொல்லியே கழித்துவிடுகிறார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால், நாம் விழுங்கும் ஒவ்வொரு ‘உம்ப’வும் வரிசையில் அடுத்து நிற்பவனின் தலையில்தான் விழுகிறது.