வரும் வழியும் போகும் வழியும்

சலவை இயந்திரம் பாதியில் நின்றுவிட்டால் நாம் முதலில் ஐயுறுவது இயந்திரத்தைத்தான். மோட்டார் எரிந்துவிட்டதோ, உள்ளே 'போர்டு' போய்விட்டதோ, எத்தனை ஆயிரம் கேட்பார்களோ என்று நெஞ்சம் பதறுகிறது. பழுதுபார்க்க வரும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு கதை சொல்வார்கள். கருவிப்பையைத் திறக்கும் முன்பே அவர்கள் இயந்திரத்தின் பின்புறம் சென்று, நீர் வரும் குழாயையும் போகும் குழாயையும்தான் பார்க்கிறார்கள்.

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே, பிறகு ஏன் இயந்திரம் நிறையவில்லை என்பது பல வீடுகளில் எழும் கேள்வி. தொட்டியின் கொள்ளளவு அழுத்தம் தருவதில்லை. உயரமே அழுத்தம் தருகிறது. 10 மீட்டர் உயரம் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்துக்குச் சமம். முன்பக்கக் கதவுள்ள இயந்திரங்கள் பலவற்றுக்குக் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை வேண்டும். அதாவது, நீர்மட்டம் இயந்திரத்துக்கு மேல் 3 முதல் 5 மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். மொட்டைமாடித் தளத்தின் மீதே அமர்ந்திருக்கும் தொட்டி, அதற்கு நேர்கீழே உள்ள மாடி வீட்டுக்கு அவ்வளவு உயரத்தைத் தருவதில்லை. அதே இயந்திரம் கீழ்வீட்டில் குறையின்றி ஓடும். தொட்டியை மேடை கட்டி உயர்த்தலாம். அல்லது அழுத்தம் கூட்டும் சிறு பம்ப் ஒன்றைப் பொருத்தலாம். புது இயந்திரம் வாங்குவது இதற்கு மருந்தாகாது.

உயரம் போதுமானதாக இருந்தும் நீர் வராத காலம் ஒன்று உண்டு. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, சென்னை லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. எங்கள் வீட்டில் அப்போது அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். நாள்தோறும் இருமுறை விரிப்புகளை மாற்றியாக வேண்டும். அந்த வேளை பார்த்து இயந்திரம் அரைமணி நேரம் முனகிவிட்டு நின்றுபோயிற்று. பழுதுபார்ப்பவர் வர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் விரிப்புகளைக் கையால் துவைத்தவர் எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா. தரையடித் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மாடிக்குச் சுமந்து, துவைத்துப் பிழிந்து முடித்தபின், தம் தெருவில் லாரிக்கு வரிசையில் நிற்பதற்காக விரைந்து போவார். கூலியைக் கூட்டிக் கொடுத்தோம். அதனால் அவருடைய குடம் முன்வரிசைக்குப் போய்விடவில்லை.

மூன்றாம் நாள் வந்த இளைஞர் நீர் வரும் குழாயைக் கழற்றி, அது இயந்திரத்தோடு சேரும் வாயிலிருந்து கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு வலையை உருவி எடுத்துக் காட்டினார். "அம்மா, மெஷின்ல ஒண்ணும் இல்ல. தொட்டியோட அடிமண்ணு பூரா இங்க வந்து உக்காந்திருக்கு" என்றார். நீர் குறையக் குறைய, மோட்டார் தொட்டியின் அடியில் கிடந்த வண்டலையும் சேர்த்தே மேலே ஏற்றியிருக்கிறது. பழைய பல்துலக்கும் தூரிகையால் அதைத் தேய்த்துக் கழுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று முதல் அந்த வேலையை நாங்களே செய்கிறோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயை மூடவேண்டும். மறையைக் கையால் திருகிக் கழற்றவேண்டும். வலையின் நடுவிலுள்ள பிடியைக் குறடால் மெல்ல இழுக்கவேண்டும். உப்புநீர் வரும் வீடுகளில் வலையில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். சிறிது நேரம் வினிகரில் ஊறவிட்டால் அது இளகும். ஊசியால் குத்தக் கூடாது. வலை கிழிந்தால் மண் வால்வுக்குள் போய்விடும். வேறொன்றும் சொல்லவேண்டும்: இடம் போதவில்லை என்று இயந்திரத்தைச் சுவரோடு நெருக்கித் தள்ளுகிறோமே, அப்போது பின்னால் குழாய் மடிந்து நசுங்குவதை யாரும் பார்ப்பதில்லை.

போகும் வழியின் குறைகள் இன்னும் வேடிக்கையானவை. நீர் தன் எடையாலேயே இறங்கும் வகை இயந்திரங்களுக்குக் கழிவுக்குழாய் தரையோடு தரையாகக் கிடக்கவேண்டும். தூக்கிக் கட்டினால் நீர் உள்ளேயே தேங்கும். பம்ப் வைத்து வெளியேற்றும் வகைக்கோ, குழாயின் முனை ஏறக்குறைய 60 செ.மீ. முதல் 1 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கவேண்டும். அதைத் தரையில் கிடத்தினாலோ, சாக்கடைக் குழாய்க்குள் காற்றுப் புகாதபடி இறுகச் செருகினாலோ, உள்ளே வரும் நீரெல்லாம் வந்த வேகத்திலேயே இழுபட்டுப் போய்விடும். இயந்திரம் நிறையவே நிறையாது. வீட்டார் வரும் குழாயைப் பழிப்பார்கள். குற்றம் போகும் குழாயில் இருக்கும். நீர் ஏறும்போது கழிவுக்குழாயின் முனையை உயர்த்திப் பிடித்துப் பாருங்கள்; உடனே நிறையத் தொடங்கினால் உண்மை விளங்கிவிடும்.

முன்பக்கக் கதவுள்ளவற்றில் அடியில் ஒரு சிறு மூடி உண்டு. அதன் பின்னால் பம்பின் வடிகட்டி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, சூடான நீராயின் ஆறவிட்டு, அகலமான தட்டொன்றை வைத்துக்கொண்டே அதைத் திருகவேண்டும். இல்லையேல் அறை முழுதும் வெள்ளந்தான். எங்கள் வடிகட்டியில் இதுவரை கிடைத்தவை: ஒரு ரூபாய் நாணயங்கள் நான்கு, ஊக்குகள், பொத்தான்கள், ஒரு திரையரங்கச் சீட்டின் கூழ், நீண்ட முடிச்சுருள்கள். நாணயங்களுக்கு உரிமை கோர வீட்டில் எவரும் முன்வரவில்லை. கைத்துவையலுக்கான தூளை அள்ளிக் கொட்டுவதாலும் நுரை பொங்கி, பம்ப் நீரைத் தள்ள இயலாமல் திணறும்.

வெளியே தள்ளிய நீர் எங்கே போகிறது என்பதுவரை கவனிப்பவர்கள் குறைவு. மாடிக் குழாயைத் தெருவுக்குத் திருப்பிவிட்டு, எதிர்வீட்டு வாசலில் நுரை தேங்குவதைக் காணாதவர்போல் இருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. ஒரு சலவைக்கு முன்பக்கக் கதவு இயந்திரமே ஏறக்குறைய 50 லிட்டர் கொள்கிறது. மேற்கதவு இயந்திரம் அதனினும் மிகுதியாகக் கொள்ளும். நாங்கள் கடைசி அலசல் நீரை மட்டும் ஒரு பீப்பாயில் பிடித்து, கொல்லையிலுள்ள வாழைக்கும் கல்வாழைக்கும் விடுகிறோம். முதல் நீரில் சோப்பின் உப்பு மிகுதி. அது செடிக்கு ஆகாது. அலசல் நீரிலும் சிறிது உண்டு என்பதால், வாழையிலையின் ஓரம் கருகத் தொடங்கினால், நல்ல மழை ஒன்று பெய்து மண்ணைக் கழுவும்வரை அந்த நீரையும் சாக்கடைக்கே திருப்பிவிடுகிறோம்.