பழைய துப்பாக்கி வாங்கினால்...

குடகுக்கு மாற்றலாகி வந்தா காபிக்கு அடுத்து கண்ணுல படுறது துப்பாக்கிதாங்க. ஆயுதச் சட்டத்துல குடகர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019ல அதை 2029 வரை நீட்டிச்சாங்க.

பக்கத்து வீட்டு அங்கிள் பழைய இரட்டைக்குழல் 12 போர் ஒண்ணு வாங்கியிருக்கார். பளபளன்னு இருக்கு. அதுல அவர் மயங்கலை. முதல்ல மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லைன்னு விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் குழலைக் கழற்றி, தூரிகை போட்டு, துணி கறுப்பா வராத வரைக்கும் துடைச்சார். "எண்ணெய்க்கு அடியிலதான் துரு ஒளிஞ்சிருக்கும்"னு சொல்லி வெளிச்சத்துல பிடிச்சு, பள்ளம், நெளிவு, வீக்கம் இருக்கான்னு தேடினார். குழலைத் தொங்கவிட்டுத் தட்டினார். மணி மாதிரி ஒலிச்சா பத்தவைச்ச இடம் விடலைன்னு அர்த்தமாம்.

கடைசியா தோட்டா அறையை அளந்தார். 65 மி.மீ. இங்கதான் ஆபத்து. 70 மி.மீ. தோட்டாவும் சிக்காம உள்ளே போயிடும். சுடும்போது அதோட வாய் முழுசா விரிய இடமில்லாம அழுத்தம் எகிறிடும். அதனால பெட்டி மேலேயே "65 மட்டும்"னு பெரிசா எழுதி ஒட்டிட்டார்.

செப்டம்பர்ல கைல்போது பண்டிகை. துப்பாக்கிக்கு நம்ம செங்காந்தள் பூ வைப்பாங்க, தேங்காயைக் குறிபார்த்துச் சுடுவாங்க. இந்த வருஷம் சுடப்போறது அவர் மகளாம்.