கழுத்தைப் பாரு

ரெண்டு வருசம் என் இடது கை மணிக்கட்டு வீங்கியே கிடந்தது. எங்கள் கலைக்குழுவில் பறை உண்டு, உருமி உண்டு. அடியில் ஒரு பேஸ் கிட்டார் இருந்தால் பாட்டு தரையில் நிற்கும் என்று தோழர்கள் சொன்னார்கள். மெல்லிசைக் குழுவில் வாசித்த ஒருவரிடம் பழைய கிட்டார் ஒன்றை வாங்கி வந்தேன். பணத்தை எண்ணிக்கொண்டே அவர் என் விரல்களைப் பார்த்தார். "பறையடிக்கிற கைம்மா இது. பேஸுக்குப் படியாது."

எம்.ஏ. தமிழ் படித்தவள். மேடையில் எத்தனையோ பேருக்குப் பதில் சொன்னவள். அவருக்குச் சொல்லவில்லை. வலிக்க வலிக்க, அந்த ஆள் சொன்னது நிசந்தானோ என்று நானே நினைக்க ஆரம்பித்துவிட்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பேஸ் சின்னக் கருவி இல்லை. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலானவை அதே நீளந்தான். நாலு தடித்த கம்பிகளும் சேர்ந்து கழுத்தை இழுத்து வளைக்கும். கழுத்து வளைந்தால் கம்பி மேலே எழும்பும். எழும்பிய கம்பியை அமுக்கத்தான் நம் கை சாகும். சொல்லித்தர ஆளில்லாதவர்கள் கருவியைத் திட்டமாட்டோம், கையைத் திட்டிக்கொள்வோம்.

பெரம்பூரில், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் ஞாயிறுதோறும் சர்ச்சில் பேஸ் வாசிப்பார். கிட்டாரை வாங்கி, மரத்தின் கோணல் பார்க்கும் தச்சரைப் போல ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"கைய ஏம்மா கொற சொல்ற? கழுத்தப் பாரு. வில்லு மாதிரி வளஞ்சி கெடக்கு."

தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அமுக்கச் சொன்னார். நடுவில், ஏழு எட்டாம் ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே வேலைக்காலத்து ஃபீலர் கேஜை நுழைத்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். 0.3 இருந்தால் போதுமாம். கழுத்துக்குள் ஓடும் இரும்புக்கம்பிக்கு ட்ரஸ் ராட் என்று பேர். ஆலன் கீயால் அதைக் கால் திருகு முடுக்கினார். கம்பிகளைச் சுதி சேர்த்தார், மறுபடி அளந்தார், மறுபடி கால் திருகு. "அவசரப்பட்டுத் திருவுனா உள்ளயே முறிஞ்சிடும். அப்புறம் அழுவ வேண்டியதுதான்."

கழுத்து நேரானபிறகுதான் பிரிட்ஜைத் தொட்டார். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் நாலு மில்லிமீட்டர் உயரத்தில் நின்ற தடித்த கம்பி இரண்டரைக்கு இறங்கியது. மெல்லிய கம்பி இரண்டுக்கு. அதற்கும் கீழே போனால் கம்பி ஃபிரெட்டில் இடித்து இரையும். பிறகு அதே ஃபிரெட்டின் மேல் விரலை அமுக்காமல் தொட்டு மீட்டினார், மணியடித்த மாதிரி ஓசை. அமுக்கி மீட்டினாலும் அதே சுரம் வரணும். ஏறி வந்தது. பிரிட்ஜில் கம்பி உட்காரும் கட்டையைப் பின்னுக்கு நகர்த்தினார். கடைசியில் வாரைச் சுருக்கினார். சினிமாவில் பார்த்துவிட்டு நான் தொடைவரை தொங்கவிட்டிருந்தேன். உட்கார்ந்து வாசிக்கும் உயரத்திலேயே நின்றும் வாசித்தால் மணிக்கட்டு மடங்காது.

தோழர் ஒருவர் சண்டைக்கு வந்தார். டெட்ராய்ட்டின் கறுப்பினக் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் உயரமான தடித்த கம்பியில்தானே வாசித்தார், வலி இல்லாமல் கலை ஏது என்று. ஜேமர்சன் முதலில் டபுள் பேஸ் வாசித்தவர். அது அவர் கை தேர்ந்துகொண்ட உயரம். யாரோ விற்ற பழங்கிட்டாரோடு என் தலையில் கட்டின உயரமில்லை. அவர் பட்ட காயம் வேறு. மோடவுன் கம்பெனியின் எத்தனையோ பாட்டுகளுக்கு அடிநாதம் கொடுத்தவர், 1971வரை இசைத்தட்டு உறையில் அவர் பேரே பெரும்பாலும் இல்லை.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். ஒரு மணி நேரம். கை வலிக்கவில்லை. அப்பா ஞாபகம் வந்தது. செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் சாவு விழுந்தால், பறையைக் காய்ச்ச அப்பா வைக்கோலைக் கொளுத்துவார். ஊர்க்காரன் "எடுத்து அடிடா" என்று கத்துவான். அப்பா திரும்பியே பார்க்கமாட்டார். தோலை விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்பார். மறுபடி தீயில் காட்டுவார். அது சரியென்று சொன்னபிறகுதான் எழுந்திருப்பார். இதைப் பார்த்து வளர்ந்தவள்தான் ரெண்டு வருசம் என் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில் கழுத்து மறுபடி அசையும். ஆலன் கீ இப்போது என் பையிலேயே கிடக்கிறது, பறைக்கான தீப்பெட்டியோடு. போன மாதம் ஒரு கூட்டத்தில், "நேரமாச்சு, ஏறுங்க ஏறுங்க" என்று அவசரப்படுத்தினார்கள். மேடைக்குப் பின்னால் தம்பி காகிதத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கால் திருகு முடுக்கினேன்.

"இருங்க தோழர், காயணும்" என்றான் அவன்.