சம்பூர் வீட்டுப் பிளக் பேஸ்

2006 ஏப்ரலில் எறிகணை வீச்சுக்குத் தப்பி ஓடிய சம்பூர் மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் பத்து வருடத்தைக் கழித்தார்கள். கடற்படை முகாமிருந்த காணி 2016 மார்ச்சில்தான் திரும்பக் கிடைத்தது. அந்த வருடம் செப்டம்பரில், ஊருக்கு வரவிருந்த 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கைவிடப்பட்டது. அதே 2016இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இன்னொன்றையும் முடிவுசெய்தது: நாடு முழுவதற்கும் இனிச் சதுரப் பின் கொண்ட 13 அம்பியர் பிளக் ஒன்றே போதும். மின்நிலையத்தைப் பற்றிப் பேசிய அளவு இந்தப் பிளக்கைப் பற்றி நாம் பேசவில்லை. புதுவீட்டில் குடியேறுகிறவரின் உயிர் தினமும் தங்கியிருப்பது இதில்தான்.

மீளக் குடியேறிய வீட்டில் பல நாட்டுச் சாமான்கள் வந்து சேரும். தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்தவரின் மிக்சிக்கு உருண்டைப் பின்; பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்தவரின் சார்ஜருக்கு இரண்டு பின்; ரொறன்ரோக்காரரின் தலைமயிர் உலர்த்திக்குத் தட்டைப் பின். 13 அம்பியர் பேஸில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் நுழைந்து உள்ளிருக்கும் மூடியைத் தள்ளினால்தான் கரண்ட் துளைகள் திறக்கும். பிள்ளையின் விரலுக்காக 1947இலேயே பிரித்தானியத் தர நிர்ணயத்தில் வந்த ஏற்பாடு இது. நம் வீடுகளிலோ எர்த் துளையில் ஈர்க்கைக் குத்தி, மூடியைத் திறந்து, இரண்டு பின்னை அழுத்திவிடுகிறோம். ஒரே ஈர்க்கில் அந்தக் காவல் முழுவதும் போய்விடுகிறது.

ஐரோப்பாவில் இரண்டு பின்னோடுதானே வாழ்கிறார்கள் என்று கேட்கலாம். வாழ்கிறார்கள், அந்தப் பின்னுக்கென்றே செய்த பேஸில் செருகுகிறார்கள். அளவு பொருந்தாத பேஸில் பின் இளகி நிற்கும். இளகிய இடம் சூடாகும், பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் உயிர்காப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் கரண்ட் வெளியே கசிந்தால்தான் அது விழும். பேஸுக்குள்ளேயே எரிகிற சூடு அதற்குத் தெரியாது. அடாப்டர் போட்டாலும் மாறுவது பின்னின் வடிவம் மட்டுமே. கனடாவின் 120 வோல்ட் உலர்த்தியை நம் 230 வோல்ட்டில் போட்டால் வோல்ட் இரட்டிப்பாவதற்குச் சற்றுக் குறைவு. சூடோ ஏறத்தாழ மூன்றரை மடங்கைத் தாண்டும். சில நொடியில் கருகிவிடும்.

செலவு என்ற ஆட்சேபம்தான் கனமானது. பத்து வருடம் எல்லாவற்றையும் இழந்தவரிடம் பேஸை மாற்று, வயரை மாற்று என்பது எளிதல்ல. அதனால்தான் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரரின் தலையில் மட்டும் விழக்கூடாது என்கிறேன். வீட்டுத்திட்டத்தில் கூரையையும் கழிப்பறையையும் பார்க்கிற அதிகாரிகள் எர்த்தையும் அளந்து பார்க்க வேண்டும். கடற்கரை மணல் கோடையில் காய்ந்துவிட்டால் எர்த் கம்பி பெயருக்குத்தான் நிற்கும். அப்போது மூன்றாவது பின்னால் முழுப் பயனும் இல்லை.

இப்போது சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியாகிவிட்டது. தேசத்துக்கே மின்சாரம் கொடுக்கப்போகும் ஊரின் வீடுகளில் வயரிங்கைச் சோதித்துத் தருவது அந்தத் திட்டத்தின் செலவோடு சேர வேண்டிய வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சாமானின் அடியில் 100 முதல் 240 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள்; அதோடு நல்ல 13 அம்பியர் பிளக் நாலைந்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.