கொப்பியில் எழுதாத கடன்

கணவரின் குறையை வெளியில் சொல்வது பண்பல்ல என்று நம் தாய்மார் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது சரியான பேச்சுத்தான். அதனால் இதை எழுத முன், எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊர், பேர் போடாம எழுதுங்க. யாருக்காவது பிரயோசனப்பட்டாச் சரி" என்றார். அந்த அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவர் குடிப்பவரல்ல, சூதாடுபவரல்ல. ஒரு லொத்தர்ச் சீட்டுக்கூட வாங்கியதில்லை. ஐவேளையும் தொழுகிறவர். அரச கந்தோரொன்றில் இலிகிதர். ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனிசன்" என்றுதான் சொல்வார்கள். அந்தத் தங்கத்துக்குரிய விலையை நானும் பிள்ளைகளும் கட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

இல்லை என்று சொல்லத் தெரியாததுதான் அவருடைய நோய். தேநீர்க் கடையில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேருடைய காசையும் அவரே கொடுப்பார். கூட்டாளி கைமாற்றுக் கேட்டால், கையில் இல்லாவிட்டால் இன்னொருவரிடம் வாங்கியாவது கொடுப்பார். வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கச் சொன்னால் படிவத்தை வாசிக்காமலே கையெழுத்து வைப்பார். சம்பள நாளில் கேக்கும் திராட்சையும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானுமாக வீடு பெருநாள் போலிருக்கும். இருபதாம் திகதிக்குப் பிறகு பருப்பும் சீனியும் பலசரக்குக் கடைக் கடன் கொப்பியில்தான். கொப்பியைக் கொண்டு கடைக்குப் போவது நான். கடைக்காரர் மற்ற ஆட்களுக்கெல்லாம் சாமான் கொடுத்து முடியும் வரை ஓரமாக நின்றவளும் நான்தான். அப்படி நின்று பார்த்த சகோதரிகளுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை.

2021ஆம் ஆண்டின் கடைசியில் என் நானாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. போட்டுக்கொள்வோம் என்று அலுமாரியைத் திறந்து காப்புப் பெட்டியை எடுத்தேன். பாரமில்லை. உள்ளே நான்காக மடித்த அடகுச் சீட்டு ஒன்று மட்டும் இருந்தது. எட்டு மாதத்துக்கு முந்திய திகதி.

அவை மஹராக எனக்குத் தந்த காப்புகள். இரண்டு காப்பு, ஒவ்வொன்றும் இரண்டு பவுண். மஹர் பெண்ணுக்கே உரியது, அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்பதை சூரத்துன் னிஸாவின் நான்காவது வசனம் சொல்கிறது. அவரும் அதை ஓதுகிறவர்தான். கூட்டாளி கட்டாமல் விட்ட கடனுக்குப் பிணையாளி என்ற வகையில் வங்கி இவரைப் பிடித்திருக்கிறது. வழி தெரியாமல் என் காப்பை எடுத்திருக்கிறார். அதுவும் வட்டிக்கு.

காப்புப் போனதை விட என்னைச் சுட்டது வேறொன்று. அந்த எட்டு மாதமும் ஒவ்வொரு இரவும் அவர் எனக்கு எதிரேயிருந்து சோறு தின்றிருக்கிறார். இடையில் ஒரு முறை, "காப்பை ஏன் போடுறல்ல?" என்றுகூடக் கேட்டார். நான் எங்கே சந்தேகப்படுகிறேனோ என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்!

அன்று கத்தினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கவே கத்தினேன். பிறகு வழமை போல ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். "சபுர் செய்ங்க மகள், ஆம்பிளைகள் அப்படித்தான்" என்றார் உம்மா. "என்ட மகனுக்குச் சின்ன வயசிலேயே தாராளமான கை" என்று மாமி அதையொரு சிறப்பாகவே சொன்னார். "காதியாரிடம் போ" என்றார் தாத்தா.

தாத்தா சொன்னதை நான் லேசாக எடுக்கவில்லை. சோற்றுக்கும் பாலுக்கும் காசு தராத கணவனாக இருந்தால் போகத்தான் வேண்டும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி ஒரு மனைவி விவாகரத்துக் கேட்காமலே தனக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புக் கோரிக் காதி நீதிமன்றத்துக்குப் போகலாம். அதில் வெட்கமொன்றுமில்லை. ஆனால் என் வீட்டில் காசு வராமலில்லை. வந்த காசு நிற்கவில்லை, போன வழியும் தெரியவில்லை. இதற்கு எந்தக் காதியார் தீர்ப்புச் சொல்வார்?

இனி என் குறையையும் சொல்ல வேண்டும். பால்மா டின் ஒன்றில் காசு சேர்த்து, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தேன். ஆறு வருடப் பழக்கம். 650 ரூபாய்ச் சாமானை 900 என்று சொல்லி மிச்சத்தை டின்னில் போடுவேன். அதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. அபூஸுஃப்யான் (ரழி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் வந்து, கணவர் போதியளவு தருவதில்லை, அவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் போதுகிறது என்று முறையிட்ட சம்பவத்தை நாமெல்லாம் பயானில் கேட்டிருக்கிறோம். உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் எடுத்துக்கொள் என்பது அவருக்குக் கிடைத்த விடையின் கருத்து. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதைச் சொல்லித்தான் என் டின்னை நான் நியாயப்படுத்தி வந்தேன்.

அந்த ஹதீஸை ஆறுதலாக வாசித்த பிறகுதான் எனக்கு இரண்டு விடயங்கள் விளங்கின. ஒன்று, அவருடைய முறைப்பாடு கையை இறுக்கிய கணவரைப் பற்றியது. என் கணவர் அப்படியல்ல. மற்றது, ஹிந்த் (ரழி) எடுப்பதைப் பற்றி வாய் திறந்து கேட்டார். நான் யாரிடம் கேட்டேன்? பொய் விலை சொல்லச் சொல்லி எந்த ஹதீஸிலும் இல்லை.

அந்தக் கிழமையே இன்னொன்று நடந்தது. மூத்த மகள், அப்போது பத்து வயது, பாடசாலைக்கு 200 ரூபாய் கேட்டு வாங்கினாள். விசாரித்தால் கேட்டிருந்தது 100. "ஏன் பொய் சொன்னீங்க?" என்றேன். "நீங்களும் வாப்பாவுக்கு அப்படித்தானே சொல்றீங்க" என்றாள். அடித்திருப்பேன். கை எழும்பவில்லை.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் அல்லாஹ்விடம் அதிகம் பாதுகாவல் தேடுவார்கள். அதன் காரணத்தை ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்ற கருத்தில் விளக்கினார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட ஹதீஸ். ஆனால் எங்கள் வீட்டுக்குள் இருந்தது எந்த நோய் என்று அன்றுதான் உறைத்தது. அவர் கடனை மறைத்தார், நான் மிச்சத்தை மறைத்தேன், பிள்ளை எங்களிருவரிடமும் பாடம் படித்துக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, அரிசிப் பானையிலிருந்து டின்னை எடுத்து வந்து அவர் முன்னால் பாயில் கொட்டினேன். 31,000 ரூபாய். சகோதரிகளே, மறைக்காமல் சொல்கிறேன், காப்புப் போனபோது அழாத அழுகை அப்போதுதான் வந்தது. அந்த டின் எனக்குக் காசு மட்டுமல்ல, ஒரு தைரியமும்கூட. "இது நான் உங்களுக்கு மறைச்சது. இப்ப நீங்க மறைச்சதைச் சொல்லுங்க" என்றேன். மகளுடைய ஸீ.ஆர். கொப்பி ஒன்றில் எழுதாத பக்கமொன்றைத் திறந்து வைத்தேன். கடன் சிறிதோ பெரிதோ எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனிலேயே நீளமானது. ஊராருக்குக் கணக்கெழுதும் இலிகிதரின் வீட்டில் அன்று வரை அப்படியொரு எழுத்து இருக்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அடகு 180,000. பிணை நின்ற கடனின் நிலுவை 240,000. தொலைக்காட்சித் தவணை 54,000. பலசரக்குக் கடை 38,500. கந்தோரில் இருவருக்கு 40,000. மொத்தம் 552,500 ரூபாய். அவருடைய சம்பளத்தில் ஒரு வருடத்துக்கும் மேல். நான் ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசுவதில்லை என்று முன்கூட்டியே நிய்யத்து வைத்திருந்தேன். ஏசினால் அடுத்த கடன் வாயிலிருந்து வராது என்று தெரியும்.

சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர் குசினி வாசலில் நின்றார். "இன்னும் ரெண்டு இருக்கு" என்றார். ஒன்று 25,000, மற்றது 75,000. முதலில் சொல்ல வெட்கமாக இருந்ததாம். அந்த இரண்டையும் எழுதும்போதுதான் இந்த மனிதர் திருந்துவார் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

பிறகு செய்ததெல்லாம் பெரிய வித்தையில்லை. நானா ஒரு நாள் கைமாற்றாகத் தந்த பணத்தில் காப்புகளை மீட்டு, அன்றைக்கே ஒன்றை விற்று நானாவின் காசைக் கொடுத்தோம். மற்றக் காப்பையும் வைத்துக்கொண்டு வட்டி கட்டுவதைவிட ஒன்றாவது கையில் இருப்பது மேல். விற்ற காப்பின் கடனை அவர் தன் கையாலேயே கொப்பியில் எழுதினார், ரூபாயாக அல்ல, 16 கிராம் பொன் என்று. அது என் பிடிவாதம். அதன் பிறகு பவுண் விலை ஏறியதைப் பார்த்த உங்களுக்கு நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன் என்று சொல்லத் தேவையில்லை. இதுவரை ஒரு சோடிக் காதுப்பூவும் ஒரு மோதிரமுமாக ஏழு கிராம் திரும்பி வந்திருக்கிறது.

சம்பள நாளில் இருவரும் சேர்ந்து கொப்பியைத் திறப்போம். முதலில் கடன், பிறகு கடைச் சாமான், பிறகு பிள்ளைகள். அவர் கைச்செலவுக்கென்று ஒரு தொகையும் உண்டு, அதற்குக் கணக்குக் கேட்கமாட்டேன். ஆம்பிளை நாலு பேருக்குத் தேநீர் வாங்கிக் கொடுக்கவும் வேண்டுமே. கடைக் கொப்பியை அடைத்துவிட்டோம். பிணைக் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம், "வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்" என்கிறார். இதனால் ஊரில் எனக்கு நல்ல பெயரில்லை. "மனிசிக்குப் பயந்தவன்" என்று அவரையும், "கை இறுக்கமான பொம்பளை" என்று என்னையும் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். இல்லை என்று சொல்ல முடியாத மனிதருக்கு நான் ஒரு கதவாக இருந்துவிட்டுப் போகிறேன்.

2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தொட்டு, காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மாதங்களில் கொப்பியில் கோடு கீறிக் கீறி எழுதினோம். பலமுறை தவணை பிந்தியது. ஆனால் பிந்துகிறது என்று கடன் தந்தவரிடம் அவரே போய்ச் சொன்னார், முன்பு போலக் கண்டால் சந்து மாறிப் போகவில்லை. அடுத்த வருட நோன்பில் பழைய புத்தி ஒரு முறை எட்டிப் பார்த்தது. கூட்டாளியின் கடைத் திறப்புக்கு 15,000 கொடுத்துவிட்டு இரண்டு நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தானாகவே எழுதியிருந்தார். நானும் கொஞ்சம் ஏசித்தான் போட்டேன்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். சூதுக்கும் போதைக்கும் காசை அழிக்கிறவரிடம் என் கொப்பி செல்லாது. அப்படியானவரிடம் டின்னைக் கொட்டிக் காட்டாதீர்கள். நகையை உம்மா வீட்டில் வையுங்கள். அவருக்காக உங்கள் பெயரில் கிழமைக் கடன் எடுக்காதீர்கள், வீட்டு வாசலுக்கு வருகிறவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். தாத்தா சொன்ன வழியும் இருக்கிறது. சபுர் என்பது வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளைப் பட்டினி போடுவதல்ல.

எழுதி முடித்ததை நேற்றிரவு அவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். காப்புப் பெட்டி வரும் இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முடித்த பிறகு ஒரேயொரு இடத்தில் விரலை வைத்தார். "சுபஹுக்குப் பிறகு சொன்னதில ரெண்டாவதை அறுபதாயிரம் என்று எழுதியிருக்கீங்க. அது எழுபத்தையாயிரம்."

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. திருத்திவிட்டேன்.