பெட்டி தானாக மாறினால் பொறுப்பு யாருக்கு?



வேலை, வீடு, வக்கீல், கடிதம் என்று ஓடித்திரியும் புது வாழ்வில் எம்மவர்க்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும். நாங்கள் மேற்கு லண்டனில் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் நான்கு பேர். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். நாங்கள் பிடித்துக்கொண்டது அமெச்சூர் வானொலி. இங்கே அதன் முதற்படிப் பரீட்சைக்கு 26 கேள்விகள். 19 சரியென்றால் சித்தி. வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். பிரஜாவுரிமை கேட்பதில்லை. சித்தியடைந்தவர் 2024 முதல் 25 வற் சக்தி வரை பாவிக்கலாம்.

ஆனால் பரீட்சையை விடப் பெரிய தலையிடி பெட்டியைப் பழகுவதுதான். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

எங்கள் தகப்பன்மாரின் றேடியோவை எண்ணிப் பாருங்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் அயலே கூடிச் செய்தி கேட்டது. அந்தப் பெட்டியில் முள்ளை வைத்த இடத்தில் முள் நிற்கும். சத்தம் குறைந்தால் சுற்றுகிறவர் களைத்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைய பெட்டிகள் அப்படியல்ல. நாம் கேட்காமலே தாமாக மாறுகின்றன. மாறியதைச் சத்தம் போட்டுச் சொல்வதுமில்லை.

எங்களில் மூத்த அண்ணைக்கு, கனடாவிலிருந்து வந்த மைத்துனர் ஒரு கைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை வேலை முடிந்து வந்து ஒவ்வொரு காலையும் ரிப்பீற்றரில் கூப்பிடுவார். ரிப்பீற்றர் என்பது உயரமான இடத்தில் நின்று, ஓர் அலைவரிசையில் எம் குரலை வாங்கி இன்னோர் அலைவரிசையில் திருப்பி அனுப்பும் நிலையம். மற்றவர்கள் பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்டது. அவருக்கு மட்டும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு பெட்டியை அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

"ஏன் அண்ணை விட்டிட்டியள்?" என்று கேட்டோம்.

"என்ர இங்கிலீசைக் கேட்டவுடனை ஆரடா மறுமொழி சொல்லப் போறாங்கள்?" என்றார்.

இந்தச் சொல் எங்களைச் சுட்டது. புது நாட்டில் எது பிழைத்தாலும் எம் நாக்கிலும் நிறத்திலும்தான் குற்றம் என்று எண்ணப் பழகிவிட்டோம். ஆனால் குற்றம் பெட்டியின் ஓட்டோமற்றிக்கில் இருந்தது.

விளக்கமாகச் சொல்கிறோம். இங்கே 145.725 மெகாஹேர்ட்ஸில் கேட்கும் ரிப்பீற்றருக்கு, நாம் 0.6 குறைத்து 145.125 இல் பேச வேண்டும். வட அமெரிக்காவுக்குச் செய்த பெட்டி அந்த நாட்டு ஒழுங்கின்படியே தானாக இடம் மாறும். 145.6 முதல் 145.8 வரை அங்கே ரிப்பீற்றர் ஒழுங்கு இல்லை. ஆகவே பெட்டி மாறவில்லை. அண்ணை பேசியது ரிப்பீற்றருக்குப் போகவேயில்லை. இதற்கு எதிர்மாறான கூத்தும் உண்டு. இங்கே இருவர் நேரடியாகக் கதைக்கும் 145.400 இல் மைக்கை அமுக்கினால், அதே பெட்டி தானாக 0.6 குறைத்து 144.800 இல் பேசும். ஐரோப்பாவில் அது கணினித் தகவல் ஓடும் அலைவரிசை. மாற வேண்டிய இடத்தில் மாறாது, மாறக்கூடாத இடத்தில் மாறும்!

வீட்டில் வைக்கும் பெரிய பெட்டிகளிலும் இந்த வியாதி உண்டு. 10 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே குரலுக்கு எல்.எஸ்.பி., மேலே யூ.எஸ்.பி. என்பது வழக்கம். பட்டையை மாற்றினால் பல பெட்டிகள் இதையும் தாமாக மாற்றும். குரலுக்கு அது சரி. ஆனால் 2017 இல் வந்த எப்.ரி.8 என்ற கணினி முறைக்கு எல்லாப் பட்டையிலும் யூ.எஸ்.பி. வேண்டும். 14.074 இலிருந்து 7.074 க்கு இறங்கும்போது பெட்டி எல்.எஸ்.பி.க்குத் தாவினால், எவ்வளவு கூப்பிட்டாலும் ஒருவருக்கும் விளங்காது. இன்னும் சில பெட்டிகள், டிஜிற்றல் குரல் ஒன்று வந்தவுடன் தாமும் டிஜிற்றலுக்கு மாறிவிடும். பிறகு பழைய பெட்டி வைத்திருக்கும் நண்பருக்கு இரைச்சல்தான் கேட்கும்.

செய்தவர்களைக் குறை சொல்லி முடிக்க நாங்கள் வரவில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது உதவியாகத்தான் இருக்கும். ஆனால் அனுமதிப்பத்திரத்தில் பெயர் உள்ளவரே அனுப்பும் அலைக்குப் பொறுப்பு. "நான் ஒண்டும் தொடேல்லை, அது தானா மாறிப்போச்சு" என்பது பதிலாகாது. இங்கே அமெச்சூர் பட்டை 144 முதல் 146 வரை. வட அமெரிக்கப் பெட்டியோ 148 வரை பேச விடும். அங்கே வேறு சேவைகள் இருக்கின்றன. வதிவிடப் பத்திரம் இன்னும் கைக்கு வராத ஒருவருக்கு அரசாங்கக் கடிதம் என்றாலே நெஞ்சு இடிக்கும். அந்தப் பயத்தைப் பெட்டி அறியாது.

ஆகவே நாங்கள் கைக்கொள்ளும் முறை இது. புதுப் பெட்டி வந்தால் முதல் வேலை, மெனுவில் தானாக இடம் மாறும் வசதிகளை நிறுத்துவது. பிறகு ஒரு கொப்பியில் கேட்கும் அலைவரிசை, பேசும் அலைவரிசை, ரிப்பீற்றருக்கு வேண்டிய தொனி, முறை, சக்தி ஆகியவற்றைக் கையால் எழுதுகிறோம். அவற்றை நினைவகத்தில் பதிகிறோம். மைக்கை அமுக்கியவுடன் திரையில் தெரியும் இலக்கத்தைப் பார்த்த பின்னரே பேசுகிறோம். ஏன் மாற வேண்டும் என்று விளங்கிய பிறகு விரும்பிய வசதியைத் திரும்பப் போடலாம். கையால் செய்யத் தெரிந்தவருக்கே ஓட்டோமற்றிக் வேலைக்காரன். தெரியாதவருக்கு அது எசமான்.

வெறும் விளையாட்டுத்தானே என்று எண்ண வேண்டாம். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது, அந்தமானுக்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளரும் துணைவர்களும் போர்ட் பிளேரிலிருந்து உறவினர்களுக்குச் செய்தி அனுப்பினார்கள். அப்படியொரு நாளில் மெனுவைத் தேட நேரம் கிடையாது.

அண்ணையின் பெட்டியில் 0.6 ஐக் கையால் போட்டு, தொனியும் வைத்துக் கொடுத்தோம். முதல் அழைப்பிலேயே ஒரு வயதான ஆங்கிலேயர் பதில் சொன்னார். அரை மணித்தியாலம் தோட்டத்தையும் மழையையும் பற்றிக் கதைத்தார்கள். அண்ணையின் இங்கிலீசைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பதில் வராத இடத்தில் எல்லாம் எம்மை நாமே நொந்துகொள்ளுமுன், பெட்டியை ஒருமுறை பார்ப்போம்.